‘என்ன வேலைக்கு?’ என்று கேட்கும் ஜீவராணி

இரத்தினபுரியிலிருந்து குருவிட்ட வரைக்கும் காலை பஸ்ஸில் ஜீவராணிக்கு இடம் கிடைக்காமல் போவதில்லை. பஸ் நிரம்பி வழிந்தாலும் யாராவது ஒருவர் எழும்பி, "மிஸ், இப்பிடி உக்காருங்க" என்பார். எழும்பியவர் தூரப் போகமாட்டார். பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு தரிப்பிடம் கழிந்ததும் குனிந்து குரலைத் தாழ்த்துவார்.

"மிஸ், ஒரு சொஃப்ட்வெயார் இருக்கு. அதைக் கொஞ்சம் தெறந்து விட்டீங்கன்னா..."

"என்ன வேலைக்கு?" என்று ஜீவராணி கேட்பார்.

பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கேட்டவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். சிலர் யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்வதாக இறங்கிப் போவார்கள். இன்னும் சிலர் சொல்லவும் செய்வார்கள். அவர்களுக்காகத்தான் ஜீவராணி பஸ்ஸில் காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை.

இந்த முப்பத்துச் சொச்சம் வயதுப் பெண்ணின் வேலை ‘இல்லை’ என்று சொல்வது. தோட்டக் கம்பனி ஒன்றின் குருவிட்ட பிராந்திய ஆபீஸில் அவருக்கு ஒரு மேசை இருக்கிறது. சபரகமுவவில் அந்தக் கம்பனிக்கு இருக்கும் தேயிலை, றப்பர் தோட்டங்களில் ஆபீஸ் வேலை செய்கிறவர்கள் எந்த மென்பொருளை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பது அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது. வேடிக்கை என்னவென்றால், ஜீவராணிக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. கல்யாண வீட்டில் மூன்றாம் தடவை சோறு வைத்தாலும் சாப்பிட்டுவிட்டு வருகிறவர். பஸ்ஸில் மற்றவர்களின் பைகள் எல்லாம் அவர் மடியில்தான் இருக்கும். ‘என்ன வேலைக்கு?’ என்ற கேள்வியை அவர் கண்டுபிடித்ததே அந்தப் பலவீனத்தால்தான். மறுப்பதற்குப் பதிலாகக் கேள்வி கேட்டுவிட்டால், பாதிப் பேர் தாங்களே மறுத்துக்கொள்வார்கள்.

குருவிட்டவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், கீழ்ப் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் இலை வாட்டினார். ஜீவராணி உயர்தரம் முடித்துவிட்டு இரத்தினபுரியில் கணினி டிப்ளோமா படித்தார். செக்ரோலைக் கணினிக்கு மாற்றுகிறோம், தட்டச்சத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கம்பனி கூப்பிட்டபோது போய்ச் சேர்ந்தார். செக்ரோல் என்பது தோட்டத்தின் பெயர்ப் பதிவு. யார் இன்றைக்கு வேலைக்கு வந்தார், எந்த மலையில் நின்றார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல வருடம் ஜீவராணியின் வேலை அந்தப் பெயர்களைத் தட்டுவதாகவே இருந்தது. அதிலிருந்து அவரை மேலே தூக்கியது ஒரு பிழை. அதுவும் அவர் செய்த பிழை இல்லை.

பிழையைச் சொல்வதற்கு முன் சந்தையைச் சொல்லவேண்டும். கம்பனியின் கணக்கு வழக்கெல்லாம் இப்போது தோட்டத்துக் கணினிக்குள் இல்லை. கிளவுட் என்கிறார்களே, எங்கோ ஒரு பெரிய நிறுவனம் வைத்திருக்கும் கணினிகளில் வாடகைக்கு இருக்கிறது. அந்த வாடகைக்காரர்களுக்காக அதே நிறுவனம் உள்ளே ஒரு சந்தையும் போட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான மென்பொருள்கள். பிடித்ததைப் பார்த்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும். காசு கேட்கமாட்டார்கள், கையெழுத்துக் கேட்கமாட்டார்கள். மாத முடிவில் கம்பனியின் வாடகைப் பில்லோடு சேர்ந்து வரும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவரை இறக்கிவிட்டு, "என்ன வேண்டுமோ எடுத்துக்கொள், பில்லைக் கம்பனி பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

போன வருடம் வெசாக் பண்டிகை முடிந்த கையோடு, ரம்புக்கனைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கர் இந்திரகுமார் அந்தச் சந்தைக்குப் போனார். றப்பர் மலைகளை அளந்து படம் போடும் மென்பொருள் ஒன்று வாங்கும்படி மேலிடமே சொல்லியிருந்தது. பொருள் சரி. பட்டன் சரி. நடுவில் ஒரு கட்டம் கேட்டது: எத்தனை பேருக்கு?

இந்திரகுமார் இருபது வருடத்துக்கு மேலாகத் தோட்ட ஆபீஸில் இருக்கிறவர். டெங்குப் புகை அடிக்க வந்தவர்கள் ‘எத்தனை பேர்?’ என்று கேட்டபோதும், வெள்ள நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் ‘எத்தனை பேர்?’ என்று கேட்டபோதும், பல் டாக்டர் கேம்ப் போட வந்தபோதும் அவர் சொன்னது ஒரே பதில்தான். தோட்டத்து ஆபீஸில் ‘எத்தனை பேர்’ என்றால் செக்ரோலில் எத்தனை பேரோ அத்தனை பேர். யோசிக்காமலே கை அந்த எண்ணைத் தட்டியது. பால் வெட்டுகிறவர்கள், புல்லு வெட்டுகிறவர்கள், பிள்ளைக் காம்பிராவில் குழந்தை பார்க்கிற அக்கா, இரவுக் காவல்காரர் எல்லாரையும் சேர்த்து அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு நில அளவை மென்பொருள் வாங்கியாயிற்று.

விற்ற நிறுவனத்திலிருந்து மறுநாளே வாழ்த்து வந்தது. இந்தப் பிராந்தியத்திலேயே நீங்கள்தான் எங்கள் பெரிய வாடிக்கையாளர், அறுநூறு பேருக்கும் இலவசமாகப் பயிற்சி தர எங்கள் ஆட்களை அனுப்பட்டுமா என்று உற்சாகமாக எழுதியிருந்தார்கள். அந்த மெயில் கொழும்புக்கும் போனது. பிறகு கொழும்பிலிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு இந்திரகுமாருடைய பெயரே மாறிப்போனது. ‘அறுநூறு ஐயா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பேசிப் பேசி அந்தக் கொள்வனவைத் திருப்பிக்கொடுத்தார்கள் என்றாலும் பட்டம் திரும்பவில்லை.

கொழும்புத் தலைமை ஆபீஸில் கணினிப் பகுதிக்குப் பொறுப்பு விஜேநாயக்க என்பவர். கோபக்காரர் இல்லை, ஆனால் சுருக்கமாகப் பேசுகிறவர். அவர் சந்தைக்கு வேலி போட்டார். கம்பனி அனுமதித்த பட்டியலில் இருக்கும் மென்பொருளை மட்டும்தான் இனி வாங்க முடியும். மற்றவை கண்ணுக்குத் தெரியும், ஆனால் ‘வாங்கு’ என்ற பட்டன் இருந்த இடத்தில் ‘கேள்’ என்ற பட்டன் இருக்கும். அதை அழுத்தி, இது எனக்கு வேண்டும் என்று எழுதினால், வேலியின் சாவியை வைத்திருக்கிறவருக்குப் போகும். அவர் பார்த்துத் திறப்பார், அல்லது திறக்கமாட்டார்.

சாவி யாரிடம்? வீடியோவில் நடந்த அந்தக் கூட்டத்தில் தலைமை ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் கொழும்பில்தான் இருக்கவேண்டும் என்றார்கள். அப்போது குருவிட்ட மூலையிலிருந்து ஒரு குரல், சுத்தமான சிங்களத்தில், "சேர், தோட்டத்துச் சாவி இங்கே இருந்தால் நல்லது" என்றது. ஜீவராணி கூட்டத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பேசிய பிறகுதான் பேசியது தான் என்று அவருக்கே தெரிந்ததாம்.

"ஏன்?" என்றார் விஜேநாயக்க.

"தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போன் எடுத்தால் நாலு பேருக்கு மாற்றிவிடுவார்கள் சேர். அதுக்குள்ளே கேட்க வந்தவருக்கே என்ன கேட்க வந்தோம் என்று மறந்துவிடும்."

யாரோ சிரித்தார்கள். விஜேநாயக்கவும் சிரித்தார். தீபாவளி வரைக்கும் பார்ப்போம் என்றார். அதுவரை சாவி குருவிட்டவில். சரியாக நடந்தால் அங்கேயே நிரந்தரம், அதற்கென்று ஒரு பதவியும் உண்டு. சரிவராவிட்டால் சாவி கொழும்புக்கு, ஜீவராணி பழையபடி செக்ரோலுக்கு.

வேலி எழும்பியது. ஜீவராணி காத்திருந்தார். வாரம் வாரமாகக் காத்திருந்தார். ஒரு கோரிக்கைகூட வரவில்லை.

பக்கத்து மேசையில் இருக்கிற றிப்தா கொள்வனவுப் பகுதி. குருவிட்ட டவுன் பிள்ளை, வாப்பாவுக்கு மாணிக்கக் கல் வியாபாரம். வாய்க்குப் பூட்டு இல்லாத சிநேகிதி.

"ஜீவா, ஒன்ட சாவிக்கு எண்ண போடோணும். துருப்புடிச்சி ஈக்கிது" என்பார்.

"வருவாங்கடி."

"எங்க வார? பூட்டின கடைக்கு முன்னுக்கு நீ ஸ்டூல் போட்டுக்கிட்டு ஈக்கிற."

ஆனால் பஸ்ஸில் கேட்கத்தான் கேட்டார்கள். கோயிலில், கதிர்காமம் போகிற கூட்டத்தில், மரண வீட்டில்கூடக் கேட்டார்கள். ‘கேள்’ பட்டனை மட்டும் யாரும் தொடவில்லை. ஆவணி பிறந்தபோது விஜேநாயக்க போனில் கூப்பிட்டார். "பாருங்க, ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. யாருக்கும் ஒன்றும் தேவையில்லை என்று அர்த்தம். பட்டியலை இன்னும் குறைத்துவிடலாம். கேட்பவரே இல்லாத இடத்தில் சாவி எதற்கு?"

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் ஜீவராணிக்குப் பயமாக இருந்தது. மறுநாள் மதியத்துக்குப் பிறகு அவிசாவளையில் மாறி, கேகாலையில் மாறி, ரம்புக்கனை போய் இறங்கினார். அறுநூறு ஐயாவைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இந்திரகுமார் ஆபீஸ் வாசலில் நின்று வரவேற்றார். பிளேன்டீ வந்தது. கூடவே கித்துல் கருப்பட்டியும் வந்தது.

"ஐயா, அந்த ‘கேள்’ பட்டன் வேலை செய்யுதா?"

"செய்யுதே."

"அப்ப ஏன் யாரும் அமத்துறதில்ல?"

இந்திரகுமார் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்க லயத்துல பொறந்த பிள்ளைதானே, தெரியாத மாதிரிக் கேக்கிறீங்க. நேர்ல கேட்டா அது கேக்கிறது. எழுதிக் கேட்டா அது பெட்டிசன். பெட்டிசன் போட்டா என்ன வரும்?"

"விசாரணை வரும்" என்று ஜீவராணி தன்னையறியாமல் சொன்னார்.

"அதுதான். எழுதினவன் பேரு மேல போயி நிக்கும். வேற ஒண்ணு காணாமப் போனாலும், யாருடா அன்னைக்குப் பெட்டிசன் போட்டவன்னு அந்தப் பேருதான் முதல்ல வரும். பட்டனை அமத்தினா எழுதச் சொல்லுது. எழுதினதுக்குக் கீழ நம்ம பேரு தானா விழுகுது. நான் ஏற்கனவே அறுநூறு. இன்னும் ஒரு பேரு எனக்கு வேணுமா?"

ஜீவராணி அன்றைக்கு அங்கேயே தங்கினார். வெளிக்கள ஒபிசர் கலைச்செல்வியின் குவாட்டர்ஸில் பாய் கிடைத்தது. இருவருக்கும் ஒரே வயது, ஒரே மாதிரிச் சிரிப்பு. விடியும்போது ஜீவராணியை எழுப்பியது கலைச்செல்வியின் போன் பேச்சு.

"நானா, அங்க எப்பிடி? மழையா?"

போனின் மறுபக்கம் பேசிய நானா, அதாவது அண்ணன், அப்துல் ரஸாக். வரக்காப்பொலயில் பலசரக்குக் கடை. விடியற்காலைத் தொழுகையான சுபஹு தொழுதுவிட்டு நேரே வந்து கடை திறக்கிறவர். ஒலிபெருக்கியில் அவர் குரல் கணீரென்று வந்தது. "இன்னம் பேயல்ல மகள். ஆனா மேக்கால கறுத்து ஈக்கிது. ஒங்களுக்கு எட்டு மணிக்கு முந்தி வந்து சேரும்."

"அப்ப கீழ் மலைய மட்டும் வெட்டச் சொல்றேன் நானா."

"ஹரி ஹரி, சரி மகள். மத்த மலையில செரட்டைய எல்லாம் கவுத்துப் போட்டுடுங்கோ."

ஜீவராணி பாயில் எழுந்து உட்கார்ந்தார். "இது யாரு கலை?"

"எங்க வானிலை நிலையம்" என்றார் கலைச்செல்வி. மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் வருமாம். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு பெய்தால் சிரட்டையில் இருக்கிற பால் தண்ணீரோடு போய்விடும், ஆட்கள் வெட்டிய வேலையும் வீண். ஒரு தடவை அந்தக் கடையில் சீனி வாங்கப் போய் நம்பர் வாங்கி வந்தாராம். அன்றிலிருந்து நானாதான். "சந்தையில மழைப்படம் காட்டுற சொஃப்ட்வெயார் ஒண்ணு இருக்கு. முந்தி ஒரு மாசம் சும்மா தந்தாங்க. மேகம் எங்க நிக்குது, எந்தப் பக்கம் போகுதுன்னு மலை மலையா காட்டும். இப்ப வேலி போட்டுட்டீங்களே."

"கேட்டிருக்கலாமே!"

"எழுதணுமே ஜீவா."

பிறகு இருவரும் பெரட்டுக்குப் போனார்கள். தோட்டத்தில் பொழுது பெரட்டில்தான் விடிகிறது. எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள், பெயர் கூப்பிடப்படும், எந்த மலைக்கு யார் என்று பிரித்துவிடுவார்கள். ஜீவராணி சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்கு வேறொன்றைப் பார்த்தார். கத்தி தேய்ந்துவிட்டது என்று ஒரு அக்கா சொன்னார். வாளி ஓட்டை என்று இன்னொருவர் தூக்கிக் காட்டினார். மேல் மலையில் குளவிக் கூடு இருக்கிறது, மருந்தடிக்காமல் நான் போகமாட்டேன் என்று ஒருவர் சத்தமே போட்டார். யாரும் பயப்படவில்லை. கூட்டத்தில் நின்று, வேலை பிரிக்கும்போது கேட்டால் அது வேலையோடு சேர்ந்த பேச்சு. தனியாக உட்கார்ந்து எழுதினால்தான் அது பெட்டிசன்.

வேலைக்குப் போகிறவர்கள் கலைந்ததும் ஜீவராணி இந்திரகுமாரிடம் போனார். "ஐயா, ஆபீஸ் ஆக்களைக் கூப்பிடுங்க. பெரட்டு எடுக்கணும்."

"எங்களுக்கா?"

"உங்களுக்குத்தான். எல்லாரும் போனை எடுத்துக்கிட்டு வராந்தாவுல நில்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் வந்து நின்றதும் தானாகவே வரிசை ஆகிவிட்டது. கால்களுக்குப் பழக்கம்.

"பேரு?" என்றார் ஜீவராணி.

"தெரியாதா? ராத்திரி ஒரே சட்டியில சாப்பிட்டோம்!" என்றார் கலைச்செல்வி.

"பெரட்டுல பேரு சொல்லணும்."

"கலைச்செல்வி. வெளிக்கள ஒபிசர்."

"என்ன வேலைக்கு? சொஃப்ட்வெயார் பேரைச் சொல்ல வேணாம். வேலையைச் சொல்லுங்க."

"காலையில வெட்டுறதா வேணாமான்னு முடிவெடுக்கிற வேலைக்கு."

"அமத்துங்க."

கலைச்செல்வி அந்த இடத்திலேயே போனில் ‘கேள்’ பட்டனை அழுத்தினார். வாயால் சொன்னதையே எழுதினார். குருவிட்டவில் இருக்கவேண்டிய ஜீவராணியின் போன், ரம்புக்கனையில் அவர் கையிலேயே டிங் என்றது. வராந்தா கைதட்டியது.

அடுத்தது பெக்டரி ஒபிசர் நஜீப். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் தரச் சான்றிதழ் கேட்டு எழுதுகிறார்களாம், அதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கிற வேலைக்கு ஏதாவது வேண்டும். ஜீவராணி பட்டியலைத் திறந்து காட்டினார். அதற்கான ஒன்று ஏற்கனவே உள்ளே இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. நஜீப் தலையில் தட்டிக்கொண்டார்.

ஸ்டோர் கீப்பர் ஐயாவு முன்னால் வந்தார். "படம் வெட்டி ஒட்டுற சொஃப்ட்வெயார் ஒண்ணு."

"என்ன வேலைக்கு?"

"கல்யாண வேலைக்கு. மகளோட அல்பம்."

"அது தோட்டத்து வேலையாண்ணே?"

"சம்பந்தி தோட்டத்து ஆள்தானே மிஸ்!"

சிரித்து அடங்க நேரம் எடுத்தது. ஐயாவுவும் சேர்ந்துதான் சிரித்தார். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அவரையும் யாரும் விசாரிக்கவில்லை. அதை எல்லாரும் கவனித்தார்கள்.

கடைசியில் இந்திரகுமார் ஒரு கேள்வி கேட்டார். "மிஸ், இந்த வேலி எதை வாங்கலாம்னு சொல்லுது. எத்தனை பேருக்குன்னு சொல்லுதா?"

ஜீவராணி போனில் பட்டியலைத் திறந்து பார்த்தார். எத்தனை பேருக்கு என்று அது சொல்லவில்லை. வேலி பொருளைத்தான் பார்க்கும். நில அளவை மென்பொருள் இன்றைக்கும் பட்டியலில் இருக்கிறது. அறுநூறு என்று தட்டினால் இன்றைக்கும் அறுநூறுதான் போகும். எந்தப் பிழைக்காக இந்த வேலியைக் கட்டினார்களோ, அந்தப் பிழையை அது மறிக்கவே மறிக்காது. கொழும்பில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை, தனக்கும் தோன்றவில்லை. பட்டவருக்குத்தான் தோன்றியிருக்கிறது.

"சரி. மழைப்படம் யார் யாருக்கு வேணும்? கையைத் தூக்குங்க" என்றார்.

வராந்தா முழுக்கக் கை தூக்கியது. பெரட்டில் கை தூக்கு என்றால் தூக்குவதுதானே. டீ கொண்டுவந்த சுப்பம்மா அக்காகூடத் தட்டை ஒரு கைக்கு மாற்றிவிட்டுத் தூக்கினார்.

"மழையைப் பார்த்து முடிவெடுக்கிற வேலை யாருக்கு இருக்கு? அவங்க மட்டும்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் மூன்று மிஞ்சின. கலைச்செல்வி, இன்னொரு வெளிக்கள ஒபிசர், அப்புறம் இந்திரகுமார். மற்ற இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மெதுவாகக் கையை இறக்கினார்.

"ரெண்டு" என்றார் இந்திரகுமார். "அன்னைக்கு எனக்கு யாராவது கை தூக்கச் சொல்லியிருந்தா, இன்னைக்கு என் பேரு இந்திரகுமார்."

குருவிட்ட திரும்பியதும் ஜீவராணி றிப்தாவோடு உட்கார்ந்தார். வேலி பார்க்காததை இவர்கள் பார்க்கவேண்டும். இனி ‘எத்தனை பேருக்கு?’ என்று கேட்கிற எதை வாங்கினாலும், முதலில் கை தூக்கி எண்ணுவது. பிறகு றிப்தா விற்கிறவரிடம் பேசி, அந்த எண்ணிக்கையைப் பூட்டிய, அதற்கு மேல் தட்ட முடியாத ஒப்பந்தமாக வாங்குவது. அந்த ஒப்பந்தம் மட்டும்தான் பட்டியலுக்குள் வரும். பேரம் பேசுவது றிப்தாவுக்குப் பிறப்பிலேயே வந்தது. "கல்லு விக்கிற ஊட்டுப் பிள்ளைக்கிட்டயா வெல சொல்ற?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆங்கிலத்தில் மரியாதையாக மெயில் எழுதுவார்.

மழைப்படம் திறந்த முதல் காலை, கலைச்செல்வி போன் எடுக்கவில்லை. ரஸாக் நானாவே எடுத்தார். "என்ன மகள், சொகமில்லையா? போனக் காணல்ல." விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். படம் என்ன சொல்கிறது என்று கேட்டார். மழை இல்லை என்கிறது என்றார் கலைச்செல்வி. "நான் ஈக்கிது எண்டு சொல்றன்" என்றார் நானா. அன்றைக்கு மழை வந்தது, ஆனால் மத்தியானம்தான். இரண்டு பேரும் தாங்கள்தான் சரி என்றார்கள். இப்போது தினமும் காலையில் இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நானாவையும் அனுமதித்த பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்று கலைச்செல்வி ஜீவராணியிடம் கேட்டிருக்கிறார். கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது.

ஆபீஸ் பெரட்டு தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஜீவராணி மாதத்துக்கு ஒரு தடவை நேரில் போவார், போகமுடியாத இடத்துக்கு வீடியோவில் நிற்பார். கோரிக்கைகள் வந்தன. ஒரே வேலைக்கு மூன்று தோட்டம் மூன்று பொருளை வைத்திருந்தது தெரிந்தது. இரண்டைக் கழற்றினார்கள். கேட்டதில் பாதி ஏற்கனவே பட்டியலில் இருந்தது. தீபாவளி நெருங்கியபோது, காட்டுவதற்கு ஜீவராணியிடம் நிறைய இருந்தது.

அந்த வாரம்தான் போன் டிங் என்றது. கேட்டவர் பெயர்: விஜேநாயக்க.

கூட்டங்களில் திரையில் போட்டுக் காட்டும் படங்களைப் பளபளப்பாகச் செய்து தரும் மென்பொருள். எத்தனை பேருக்கு? தலைமை ஆபீஸ் முழுவதற்கும். காரணம் எழுதும் இடம் காலியாக இருந்தது.

றிப்தா கதிரையை உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "அல்லாவே! ஜீவா, கண்ண மூடிக்கிட்டு அமத்து. இன்னம் ரெண்டு நாளையில ஒன்ட சாவிய முடிவெடுக்கிற மனுசன்."

"காரணம் எழுதல்ல."

"அவருக்கு எதுக்கு காரணம்? அவர்தானே வேலிய கட்டின."

"எல்லாருக்கும்னு போட்டிருக்காரு றிப்தா. கை தூக்கல்ல."

"ஒனக்குப் பைத்தியம். தீவாளி அன்டைக்கே செக்ரோலுக்குப் போகப் போற."

ஜீவராணி எழும்பி ஒரு கோப்பை தண்ணீர் குடித்தார். வந்து உட்கார்ந்தார். இவர் கல்யாண வீட்டில் மூன்றாம் சோற்றை மறுக்கத் தெரியாதவர். அனுமதித்தால் ஒருவரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் அடுத்த பெரட்டில் ஐயாவு அண்ணனைப் பார்த்து ‘என்ன வேலைக்கு?’ என்று கேட்க வாய் வருமா? சிங்களத்தில் தட்டினார்: ‘என்ன வேலைக்கு, சேர்? தயவுசெய்து எல்லாரையும் நிறுத்திக் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள்.’ நிராகரிக்கிற பட்டனை அழுத்தினார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. தீபாவளி அன்றைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, கோயில் போய், பலகாரத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் ஜீவராணி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் சசி த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டிக்குப் புதிதாக ஒலிபெருக்கி வாங்கவேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்கிறார். நல்ல நாள் பார்த்து மறுபடி ஆரம்பித்தார்.

"என்ன வேலைக்கு?" என்றார் ஜீவராணி போனிலிருந்து கண் எடுக்காமல்.

"ஏய், வீட்டுலயும் வேலியா?"

"செக்ரோலுக்குத் திரும்பிப் போனா வேலி எடுத்துடுவேன். அப்ப வாங்குங்க."

சசி முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "வேணாம். நீ சாவியோடயே இரு. நான் பாட்டுப் பாடிக்கிட்டு ஓட்டுறேன்."

லீவு முடிந்த காலை, ஜீவராணி கதிரையில் உட்காரும் முன்பே போன் அடித்தது. விஜேநாயக்க. றிப்தா தன் மேசையில் இருந்தபடியே இரண்டு கையையும் பிரார்த்தித்துத் துஆ கேட்பதுபோல் ஏந்திக்கொண்டார்.

"நீங்கள் சொன்னபடி எல்லாரையும் நிறுத்தினேன்" என்றார் அவர். "கொழும்பில் யாரும் இப்படி நின்றதே இல்லை. கை தூக்கியது மூன்று பேர். அதில் ஒருவர் தலையைச் சொறியத் தூக்கினார்."

ஜீவராணி தாளில் ‘மூன்று’ என்று எழுதி, அதை வெட்டிவிட்டு ‘இரண்டு’ என்று எழுதினார்.

"நான் உங்களைச் சோதிக்கவில்லை ஜீவராணி. உண்மையாகவே வாங்கத்தான் பார்த்தேன். எத்தனை பேர் என்று கேட்டது, சம்பளப் பட்டியலில் இருக்கிற அத்தனை பேரையும் போட்டேன். கை தானாகப் போட்டது. அந்தக் கிளாக்கர், அறுநூறு போட்டவர், அவருடைய பெயர் என்ன?"

"இந்திரகுமார், சேர்."

"அவரிடம் சொல்லுங்கள், கொழும்பிலும் ஒருவர் இருக்கிறார் என்று. சரி, அந்த மற்ற இரண்டு பேருக்கு என்ன செய்வது?"

"அந்த வேலையைச் செய்கிறது ஒன்று பட்டியலில் ஏற்கனவே இருக்கு சேர். யாரும் திறந்து பார்க்கவில்லை."

போனில் நீண்ட பெருமூச்சு கேட்டது. "சாவி என் மேசையில் இருந்திருந்தால் நான் எனக்கே திறந்து கொடுத்திருப்பேன். ஒருவரும் என்னிடம் என்ன வேலைக்கு என்று கேட்டிருக்கமாட்டார்கள். அது அங்கேயே இருக்கட்டும். கடிதம் இன்றைக்கு வரும்."

ஜீவராணி போனை வைத்துவிட்டு றிப்தாவைப் பார்த்தார். ஏந்திய கைகள் அப்படியே இருந்தன. தலையை ஆட்டினார். றிப்தா போட்ட கூச்சலில் கீழ் மாடியிலிருந்து பிராந்திய மனேஜரான பெரிய துரையே எட்டிப் பார்த்தார்.

அதே வாரம் குருவிட்ட ஆபீஸில் மாதாந்தப் பெரட்டு. வராந்தாவில் ஆட்கள் நின்றார்கள், சுவரில் மாட்டிய திரையில் ரம்புக்கனைக்காரர்கள் நின்றார்கள். இந்திரகுமார் முன் வரிசையில் நிமிர்ந்து நின்றார். பெயர்கள் போய்க்கொண்டிருந்தபோது திரையின் மூலையில் இன்னொரு சதுரம் திறந்தது. கொழும்பு மேசை, டை கட்டிய ஒருவர். கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். வராந்தாவில் யாரோ இருமினார்கள்.

ஜீவராணி திரைப் பக்கம் திரும்பினார். பிறகு மற்றவர்களிடம் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"பேரு?"

"விஜேநாயக்க" என்றார் அவர், தமிழில் சொல்வதுபோல மெதுவாக.

"என்ன வேலைக்கு?"